கேம்பல் பேயில் ஒரு பெட்டி ஐஸ்

நவம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. டெலானிபூர் மேட்டில் தோழி ஒருத்தியின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஹேடோ துறைமுகத்துக்கு இறங்கினேன். எண்பது ரூபாய். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆட்டோக்காரருக்கு அது இன்னும் போர்ட் பிளேர்தான். அப்பா காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம். இவர் இங்கேயே பிறந்தவர்.

“கேம்பல் பேயா மேடம்? சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா?”

“எடுத்துக்கிட்டேன்.”

“டென் டிகிரி தாண்டுற வரைக்கும் அதைத் தொடாதீங்க. தாண்டினதும் சாப்பிடுங்க. பஸ், அவ்ளோதான் ரூல்.” இந்தி ‘பஸ்’, ‘போதும்’ என்று பொருள்; இங்கே தமிழிலும் கலந்துவிட்டது.

லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே பத்தாம் அட்சக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் அகலமான கடலைத்தான் இங்கே எல்லோரும் டென் டிகிரி என்கிறார்கள். அந்தமான் அங்கே முடிகிறது, நிக்கோபார் தொடங்குகிறது. கப்பல் நன்றாக ஆடும் இடமும் அதுவே. நான் போகவேண்டிய கேம்பல் பே அதையும் தாண்டி, தீவுக் கூட்டத்தின் தெற்குக் கடைசியில், கிரேட் நிக்கோபாரில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சுமத்ரா அதைவிடப் பக்கம்.

என் அக்கா வசந்தா அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் மாமனார் வேலூர்ப் பக்கத்து ராணுவக்காரர். ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கம் அந்தத் தீவில் நிலம் கொடுத்துக் குடியேற்றிய நாளில் பெட்டி படுக்கையோடு கப்பலேறியவர். அவர் மகன் செல்வராஜ்தான் அக்காவின் கணவர், எனக்கு மாமா. போன மாதம் அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

“தேவகி, கடலோரமா நம்ம நிலத்துல வீடு கட்டலாம்னு இருக்கேன். நீ ஐஸ் உருகுறதை அளக்குற ஆளு. ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லு. நீ சரின்னா கட்டுறேன். வேணாம்னா விட்டுடுறேன்.”

மாமா சொன்னது சரிதான். என் வேலை தண்ணீரை அளப்பது. ஆனால் நான் அளக்கும் தண்ணீர் கிரீன்லாந்தில் இருக்கிறது. ஒரு நாட்டையே மூடிக் கிடக்கும் பனிப்பாளத்தின் மேல் கோடையில் எவ்வளவு உருகுகிறது, அதில் எவ்வளவு ஓடிப்போகிறது, எவ்வளவு அங்கேயே தங்குகிறது என்று பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு கோடைகள் அங்கே கூடாரத்தில் கழித்தாயிற்று. ஆனால் ‘இந்த இடத்தில் வீடு கட்டலாமா’ என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

கப்பல் மத்தியானத்துக்கு மேல்தான் நகர்ந்தது. எனக்குக் கீழ்த்தளத்தில் பங்க். இரும்புக் கட்டில்கள் மேலும் கீழுமாக வரிசையாக இருந்தன. கூடத்தில் பாதிப் பேச்சு கேம்பல் பேயில் வரப்போவதாகச் சொல்லப்படும் துறைமுகத்தைப் பற்றியே இருந்தது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் ஒரே இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு எதிர்க்கட்டிலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் ராஜம்மா. போர்ட் பிளேரில் கண் ஆபரேஷன் முடித்துக் கச்சால் தீவுக்குத் திரும்புகிறார். இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களைக் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். சின்னப் பெண்ணாக அப்படி வந்தவர் இவர்.

புதன்கிழமை விடியும்போது டென் டிகிரியைக் கடந்திருந்தோம். ஆட்டோக்காரரின் விதிப்படி அப்போதுதான் டப்பாவைத் திறந்தேன். புளிசாதம். ராஜம்மாவுக்கும் ஒரு கை கொடுத்தேன். கேன்டீனில் பத்து ரூபாய்த் தேநீர் வாங்கி வந்து இருவரும் குடித்தோம்.

“நீங்க டீச்சருங்களா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. ஐஸ் உருகுறதைப் பத்தி ஆராய்ச்சி.”

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். “ஐஸ் உருகுனா தண்ணி. தண்ணி கடலுக்குப் போவும். இதுல பாக்குறதுக்கு என்னாங்க இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எங்கள் வேலை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. உருகியதெல்லாம் கடலுக்குப் போவதில்லை. பனிப்பாளத்தின் உயரமான நடுப்பகுதியில் ஆண்டுக்கணக்காக விழுந்த பனி அப்படியே குவிந்து கிடக்கிறது. மேலே இருப்பது புதுப் பனி, கீழே போகப்போக இறுகிய பழைய பனி. கற்கண்டுத் தூளைக் கொட்டி வைத்தது போல இடைவெளிகள் நிறைந்தது. வெயிலில் மேற்புறம் உருகினால் அந்தத் தண்ணீர் இடைவெளிகள் வழியாகக் கீழே இறங்கும். கீழே கடுங்குளிர். பாதி வழியிலேயே மறுபடி உறைந்து கட்டியாகிவிடும். உருகியது உண்மை, ஆனால் ஒரு சொட்டுகூட வெளியேறவில்லை.

இதைச் சொன்னதும் ராஜம்மா, “அப்ப நல்லதுதானே?” என்றார்.

“இடம் இருக்கிற வரைக்கும் நல்லது. இடைவெளி எல்லாம் உறைஞ்ச கட்டியால நிரம்பிட்டா அப்புறம் வர்ற தண்ணிக்குப் போக இடம் கிடையாது. மேலாகவே ஓட ஆரம்பிச்சிடும்.”

“ஓ” என்றார். பிறகு, “எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால கூட அப்பிடித்தான். முன்னல்லாம் எவ்ளோ மழ பேஞ்சாலும் மண்ணு குடிச்சிரும். இப்ப நடந்து நடந்து இறுகிப்போச்சு, கொஞ்சோண்டு பேஞ்சாலும் வாசல்ல வந்து நிக்குது” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் தொடரவில்லை. மருமகள் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட மறந்துவிடுவாளோ என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மாலையில் கச்சாலில் கப்பல் நின்றது. மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கப்பல்துறை ஜெட்டியில் காத்திருந்த மருமகள் முதலில் வாங்கிக்கொண்டது அந்தப் பையைத்தான்.

வியாழக்கிழமை காலை கேம்பல் பே. கடலிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது காடுதான். மேகம் தொட்டுக் கிடக்கும் கரும்பச்சை மலை, அதன் காலடியில் தகரக் கூரைகள். ஜெட்டியில் மாமா ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த தலை, ராணுவக்காரர் மகன் என்று சொல்லும் நிமிர்ந்த முதுகு.

“ஆயியே, ஐஸ் மேடம்!” என்று இந்தியில் சத்தமாக வரவேற்றார். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் இருப்பது சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் மேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்ன வராந்தா. அக்கா வாசலில் காத்திருந்தாள். மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். கூரைமேல் குரங்குகள் தடதடவென்று ஓடின. அக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மாமா வெளியே போன நேரம். சமையலறையில் அக்கா சூரை மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தேவி, அவரு உங்கிட்ட கேப்பாரு. கடல் ஏறிடும்னு சொல்லிடு.”

“ஏறத்தான்க்கா செய்யுது.”

“அப்பிடி இல்லடி. நம்ம எடத்துக்கே வந்துடும்னு சொல்லு. எத்தினி வருசம்னு கேட்டா அஞ்சுன்னு சொல்லு. பத்துன்னாலும் பரவால்ல.”

“அது எனக்குத் தெரியாதேக்கா.”

“தெரிஞ்ச மாதிரி சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. அதுக்குத்தான் உன்ன வரச்சொல்லியிருக்காரு.”

“நீ அவர்கிட்ட என்ன சொன்னே?”

அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு மீனைப் புரட்டிப் போட்டாள். மாமாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பேச்சு வேறுபக்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாமா என்னை நிலத்துக்குக் கூட்டிப்போனார். ஊரைத் தாண்டித் தெற்கே போகும் சாலையில் சில கிலோமீட்டர். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. ஓடை வாய்களில் முதலை எச்சரிக்கைப் பலகைகள். நிலத்தில் இறங்கி நின்றதும் மாமா கடலுக்குள் கை காட்டினார். கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், அலைக்கு நடுவே, பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் சில நின்றன.

“அங்கதான் வீடு.”

சுனாமி வந்த அன்று அலை மட்டும் வரவில்லை. நிலநடுக்கத்தில் தீவே கீழே இறங்கிவிட்டது. வீடும் முன்தோப்பும் இருந்த இடம் அதற்குப் பிறகு கடலாகவே நின்றுவிட்டது. மாமாவின் அப்பா மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவர். மாமாவும் அக்காவும் கைக்குழந்தையோடு மேட்டில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு அவர் கிடைக்கவில்லை. இதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

மாமா வீடு கட்ட நினைக்கும் இடம் மிஞ்சிய தென்னைகளுக்கு நடுவே இருந்தது. அழகான இடம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை மணல், காற்று, எதிரே தண்ணீர். ஏற்றத்தில் கடல் எங்கே வந்து நின்றிருக்கிறது என்று பார்த்தேன். உலர்ந்த கடற்பாசியும் சருகுமாக ஒரு கோடு தென்னைகளின் முதல் வரிசைக்குள்ளேயே கிடந்தது.

“இந்த லைன் எப்பவும் இங்கதானா, மாமா?”

“மழைக்காலத்துல பெரிய ஏத்தம் வந்தா இன்னும் ரெண்டு மரம் உள்ள வரும். அதுக்குத்தான் அடித்தளம் உசத்திக் கட்டுவேன்.” பிறகு கடல் பக்கம் திரும்பினார். “அப்பா இங்கதான் இருக்காரு, தேவகி. மேட்டு வீட்டுல இருபது வருஷமா கெஸ்ட் மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்.”

அக்கா கேட்ட பொய் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மாமா என்னை நம்பி, மனசு உடைந்து, பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு எண்ணை என் வாயால் சொல்ல முடியவில்லை. “நாளைக்கு எல்லாரும் சேந்து உக்காந்து பேசலாம் மாமா. கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஐஸ் வந்தது. கொண்டுவந்தவர் அந்தோணி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், மாமாவின் கூட்டாளி, டெங்கி என்கிற சின்னப் படகில் மீன் பிடிப்பவர். ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி நிறைய அப்போதுதான் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உடைத்த ஐஸ். சாக்கில் சுற்றி, உடைக்காத ஒரு பாளம்.

“ஐஸ் கேட்டியளாம்லா, தங்கச்சி? மீன் இல்லாம வெறும் ஐஸ் கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

வராந்தாவுக்கு முன்னால் பெட்டியை வைத்து, ஒரு பக்கம் கல்லைக் கொடுத்துச் சாய்த்தேன். தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தது. அதன் கீழ் ஒரு கிண்ணம். பக்கத்தில் ஒரு தகரத் தட்டையும் அதேபோல் சாய்த்து அதன்மேல் பாளத்தை வைத்தேன். மாமா நாற்காலியில், அந்தோணி படியில், அக்கா கதவு நிலையில்.

“இந்தப் பெட்டி பனிப்பாளத்தோட மேல்பகுதி. வெறும் பனி. இந்தப் பாளம் ஓரப்பகுதி. அங்கே பனி எல்லாம் ஜூன் மாசத்திலேயே போயிடும், கெட்டி ஐஸ் மட்டும் நிக்கும்.”

பாளத்தின்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். வழுக்கி ஓடித் தட்டு விளிம்பிலிருந்து கொட்டியது. பிறகு பெட்டியில் ஒரு சொம்பு ஊற்றினேன். மூவரும் ஓட்டையைப் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை.

“எங்க போச்சு?” என்றார் மாமா.

“கைவிட்டுப் பாருங்க.”

கையைவிட்டவர் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்ட ஐஸைத் தூக்கிக் காட்டினார். புது ஐஸில் தண்ணீர் பட்டால் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், உடைக்கக் கம்பி வேண்டும் என்றார் அந்தோணி. நான் அடுத்த சொம்பை ஊற்றினேன். ஓட்டையில் சொட்டுச் சொட்டாக வந்தது. இன்னொன்றும் ஊற்றினேன். இந்த முறை ஐஸுக்கு மேலாகவே ஓடிச் சுவரோரமாக இறங்கி, கிண்ணம் நிரம்பி வழிந்தது.

“முன்னாடி மேல்பகுதி தண்ணியைக் குடிச்சிக்கிட்டு இருந்தது. இப்போ கோடை நீளுது, சூடு மேலே மேலே ஏறுது. குடிக்கிற இடம் நிரம்புது. நிரம்பின இடத்துல உள்ளே ஐஸ் தட்டு தட்டா கெட்டியாயிடும். அப்புறம் இந்தப் பெட்டியும் அந்தப் பாளம் மாதிரிதான்.”

“ஓடுற தண்ணி நேரா கடலுக்கா?” என்று அந்தோணி கேட்டார்.

சொன்னேன். முதலில் விரல் அகல ஓடைகள். அவை சேர்ந்து நீல ஆறுகள். பள்ளங்களில் ஏரிகள். எங்காவது ஒரு வெடிப்பு வந்தால் ஆறு முழுவதும் சுழன்று அதற்குள் விழும். கிணறு போல ஆழமான குழி, அடி தெரியாது. பாளத்தின் அடியில் பாறையைத் தொட்டு, இருட்டிலேயே ஓடி, கடைசியில் ஓரத்தில் பால் கலந்த சேறு மாதிரி வெளியே வந்து கடலில் கலக்கும். ஓரப்பகுதியில் காலையில் உருகியது ஓரிரு நாளில் கடல். மேற்பகுதியில் உருகியது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம்.

“டீக் ஹை, சரி” என்றார் மாமா. “கடல்ல கலந்தாச்சு. அது அங்க, நாம இங்க. அங்கதானே ஏறும்?”

“இல்ல மாமா. அவ்வளவு பெரிய பாளம் தன் எடையால கடலைத் தன் பக்கமா இழுத்து வெச்சிருக்கு. பாளம் குறைஞ்சா அந்த இழுப்பும் குறையும். கிரீன்லாந்து ஓரத்துல தண்ணி இறங்கக்கூடச் செய்யும். ஏறுறது தூரத்துல. நம்ம மாதிரி இடத்துல.”

“அரே! உருகுறது அவன் வீட்டுல, ஏறுறது நம்ம வீட்டுலயா? நல்ல நியாயம்!” அந்தோணி சிரித்தார். மாமாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் நேராக என்னைப் பார்த்தார்.

“சரி. எத்தனை வருஷம்?”

அக்கா கதவு நிலையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் கண் என்மேல் இருந்தது.

“எனக்குத் தெரியாது, மாமா” என்றேன். “கடல் ஏறுது, அது நிச்சயம். வேகமும் கூடுது. ஆனா இந்தத் தீவே ஒருநாள் கீழே இறங்கினது. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகருது. ரெண்டையும் சேத்து உங்க நிலத்துக்கு ஒரு வருஷம் சொன்னா அது பொய். எனக்குத் தெரிஞ்சது இதுதான். உங்க காலத்துல அந்தத் தண்ணி வீட்டை மூடாது. ஆனா பெரிய ஏத்தம் வர்றப்போ எல்லாம் முன்னைவிட ஒரு மரம் உள்ளே வரும். கிணறு உப்பாகும். மகளுக்காகக் கட்டுற வீடுன்னா, அங்கே வேணாம்னுதான் சொல்வேன்.”

மாமா தொடையில் தட்டினார். “மகளா? அவ மெயின்லேண்டை விட்டு வரப்போறதில்ல. என் காலத்துக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்ட. பஸ், அது போதும். டிசம்பர்ல அடித்தளம் போட்டுடலாம், அந்தோணி!”

உண்மையைச் சொன்ன நிம்மதி எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. அக்காவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் வரமாட்டேன்.”

அக்கா சொன்னது அவ்வளவு மெதுவாக இருந்ததால் மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. “இன்னா?”

“அங்க நான் வரமாட்டேன். ஐஸ் உருகினாலும் சரி, உருகாட்டியும் சரி. இந்த மேட்டுலயே ராத்திரி காத்து அந்தப் பக்கம் திரும்பினா கடல் சத்தம் கேக்குது. எழுந்து உக்காந்துடுறேன். உங்கப்பா மாட்டுக்கிட்ட ஓடினது கண்ணு முன்னால நிக்குது. அப்ப நான்தான் குழந்தைய வெச்சிக்கினு அவர கூப்பிட்டேன். சத்தத்துல அவருக்குக் கேக்கல.”

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தோணி எழுந்து போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

“இத்தனை வருஷமா எழுந்து உக்காந்துக்கினியா?” என்றார் மாமா.

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“நீங்களே அப்பாவ நெனச்சிக்கினு இருந்தீங்க. அதுல நான் எதுக்குன்னு.”

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்ச ஐஸைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். பெட்டி காலியானதும் கழுவி அந்தோணியிடம் கொடுத்தார். அன்றைக்கு அதற்குமேல் யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் மாமா தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. மாமா ரெயின்கோட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

“கிளம்பு.”

“மழையிலயா மாமா?”

“மழை பெய்யுறப்பத்தான் பாக்கணும்.”

சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கடல் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் ஏறினார். அவர்கள் நிலத்தின் மேல்பாதி சாலைக்கு அந்தப் பக்கம் சரிவாக ஏறிக் கிடந்தது. புதரும் பழைய பாக்கு மரங்களும். அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போனார். ஓரளவு சமதளமான ஓர் இடத்தில் நின்று, “இங்க கட்டினா சரியா இருக்குமா? தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு நீதான் சொல்லணும்” என்றார்.

கூடாரத்திலிருந்து கருவிகளோடு கிளம்பும் காலைகளில் நான் செய்வதும் இதேதான். எங்கே ஊறுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று நடந்து பார்ப்பது. சரிவைச் சுற்றி வந்தேன். சருகு மூடிய இடங்களில் மழையை மண் குடித்துக்கொண்டது. மாமா காட்டிய சமதளத்தின் நடுவில் மட்டும் மேலிருந்து வந்த மூன்று சின்ன ஓடைகள் சேர்ந்து, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடின. பார்வைக்குச் சமதளம்; உண்மையில் அது ஒரு வாய்க்கால்.

“இங்கே வேணாம் மாமா. இது தண்ணியோட வழி. அந்தப் பாக்கு மரங்களுக்குப் பின்னால கொஞ்சம் தூக்கலா இருக்கு பாருங்க, அங்கே. மேல் சரிவுல இருக்கிற மரங்களை வெட்டாதீங்க. அதுதான் உங்க ஸ்பான்ஜ்.”

அவர் அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்தார். மழைத்திரைக்குப் பின்னால் கடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை, மழையாலும் மரங்களாலும்.

“இங்கிருந்து அப்பா எடம் தெரியுது” என்றார். “கேக்கல, ஆனா தெரியுது. டீக் ஹை.” ரெயின்கோட் பையிலிருந்து நான்கு குச்சிகளை எடுத்து மண்ணில் அடித்தார். வீட்டிலிருந்தே சீவிக் கொண்டுவந்திருக்கிறார்.

மறுநாள் வெயிலில் அக்காவும் வந்து பார்த்தாள். மரங்களைத் தாண்டிக் கடல் சத்தம் வருகிறதா என்று முதலில் காதுகொடுத்துக் கேட்டாள். குச்சிகளுக்குள் நடந்து, சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். மாமா காட்டிய மூலையை மறுத்து வேறு மூலையைக் காட்டினாள். கீழ்நிலத்தில் கொப்பரை காயவைக்க ஒரு கொட்டகை மட்டும் போடுவது என்று முடிவானது. அதில் யாரும் படுக்க மாட்டார்கள்.

புதன்கிழமை கப்பல். ஜெட்டியில் கூட்டம். மாமா என் பெட்டியோடு முன்னால் போய்விட்டார். அக்கா என் பக்கத்தில் நடந்தவள் திடீரென்று கேட்டாள்.

“தேவி, ஐஸ் மேல ஆறு ஓடுதுன்னியே, கூடாரத்துல படுத்தா அந்தச் சத்தம் கேக்குமா?”

என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“கேக்கும்க்கா. பகல்ல உருகினது எல்லாம் சாயங்காலம் சேந்து வரும், அப்போ ரொம்ப. அப்புறம் குளிர் ஏற ஏற உருகுறது குறையும், சத்தமும் இறங்கும்.”

“எப்பிடித் தூங்குவ?”

“குறையிற வரைக்கும் தூக்கம் வராது.”

அக்கா நின்று என்னைப் பார்த்தாள். “எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே நீ.”

“நீயும் சொன்னதில்லையே.”

அவள் சிரித்தாள். இந்தத் தடவை வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு என் முந்தானையைச் சரி செய்துவிட்டு, “போ, சங்கு ஊதிட்டான்” என்றாள்.

கப்பல் வளைகுடாவை விட்டுத் திரும்பியது. கிரீன்லாந்திலிருந்து கிளம்பும்போது ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் வெள்ளைமேல் நீலக் கோடுகளாக ஆறுகள் தெரியும். அவை எங்கே போகின்றன என்று கேட்டால் கடலுக்கு என்று சொல்லி எழுதிக்கொள்வோம். எங்கள் வேலை அந்த இடத்தில் முடிந்துவிடும். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்கே போகும் சாலையின் கோடு தெரிந்தது. அதற்கு மேலே, கரும்பச்சைக்கு நடுவில், மாமா புதர் வெட்டிய இடம் உள்ளங்கை அளவு செம்மண்ணாகத் தெரிந்தது. கையில் கருவி எதுவும் இல்லை. கடலிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தேன். போதும் என்று பட்டது.